சுமையும் காட்சியும்: மலையேற்றம் என்னும் பிரதி குறித்து

1

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மலை தினமும் இறங்குகிறது. உவமையாகச் சொல்லவில்லை. பின்னிரவில் மண்டிகளின் வாசலில் லாரிகள் பின்வாங்கி நிற்கிறபோது, தார்ப்பாயை விலக்குவதற்கு முன்பே இறக்குகிற ஆட்கள் சொல்லிவிடுவார்கள்: இது கொல்லிமலைச் சரக்கு, இது பச்சமல, அது ஊட்டிக் கேரட்டு. பலாவின் பருவத்தில் இதற்குக் கண்கூட வேண்டியதில்லை, மூக்கே போதும். முகர்ந்து, தட்டிப் பார்த்து, சும்மாட்டின் மேல் கழுத்தெலும்பில் வாங்கி மலையை அறிந்த ஓர் அறிவு அங்கே இருக்கிறது. அந்த அறிவுக்கு மலை பற்றிய நம் எழுத்தில் இடம் ஏன் இல்லாமல் போனது என்பதே இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி.

சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரிடம், வருஷக்கணக்காகக் கொல்லிமலைத் தார்களையே இறக்கிக்கொண்டிருப்பவர், ஒருமுறை கேட்டேன்: "கொல்லிமல போயிருக்கீங்களாண்ணே?" அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு? அதுதான் தெனம் இங்க வருதே."

இந்தப் பதிலைச் சிரித்துக் கடந்துபோகலாம். நான் இதை ஒரு விமர்சன நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்கிறேன். மலைக்குப் 'போவது' என்ற வினைக்குள் ஒரு முன்தீர்மானம் இருக்கிறது: மலை அங்கே, நாம் இங்கே. மலை அசையாதது, நாம் அசைபவர்கள். மலை தொலைவு, நாம் மையம். சுமைக்காரரின் வாக்கியம் இந்த இருமை எதிர்வைத் தலைகீழாக்கிவிடுகிறது. அவரைப் பொறுத்தவரை அசைவது மலைதான், அவரோ நிற்கிறார். மலைக்கும் அவருக்கும் நடுவே தொலைவு என்று ஒன்று இல்லை. எடை இருக்கிறது.

'தொலைவு' என்பது கிலோமீட்டர் கணக்கல்ல என்பதற்குத் திருச்சிக்காரர்களுக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2017இல் மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் காய்கனிகளுக்கென ஒரு மைய வளாகம் கட்டித் திறந்தார்கள். காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் அங்கே பெயர வேண்டும் என்பது திட்டம். வியாபாரிகள் போகவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று 'தூரம்'. கொல்லிமலையின் பலாவையும் நீலகிரியின் கேரட்டையும் ஒரே இரவில் பக்கத்தில் வரவழைத்துக்கொள்ளும் மார்க்கெட்டுக்கு, நகரத்தின் விளிம்பைத் தாண்டிய கள்ளிக்குடி தூரம்! இதில் முரண்பாடு எதுவுமில்லை. சரக்கு யார் தோளில் வருகிறது, வாங்குகிறவன் எந்தப் பஸ்ஸில் வருகிறான், கூலி யார் கணக்கில் ஏறுகிறது என்பவைதான் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. 2020 ஊரடங்கில் மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றியபோதும் இதே தூரக் கணக்குதான் ஒவ்வொரு சுமைக்காரர் வீட்டிலும் போடப்பட்டிருக்கும். தூரம் ஓர் உறவு. இயற்கையில் கிடக்கும் பொருள் அல்ல.

இதை ஒப்புக்கொண்டால், 'யாரும் எட்டாத மலை', 'மனிதக் காலடி படாத காடு' என்று பயணக் கட்டுரைகள் தொடங்குகிறபோதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: யாருக்கு எட்டாதது?

2

மலையேற்றக் கட்டுரை என்ற வகைமை தமிழில் கடந்த சில பத்தாண்டுகளில் நன்றாகவே விளைந்திருக்கிறது. தனியாக எந்த எழுத்தாளரையும் குறிவைக்க நான் விரும்பவில்லை. குறிவைக்க வேண்டியது வகைமையின் இலக்கணத்தை. விடியற்காலையில் அடிவாரம். பனி. ஒரு டீக்கடை. 'வெள்ளந்தியான' ஒரு மலைவாசி (பெயர் இருக்காது, புன்னகை இருக்கும்). பிறகு ஏற்றம், மூச்சிரைப்பு, அட்டைக்கடி, வழி தப்புதல். கடைசியில் உச்சி. உச்சியில் ஒரு தரிசனம்: 'நான் எவ்வளவு சிறியவன்!' இந்தச் சிறுமையை உணர்ந்ததாலேயே கதைசொல்லி பெரியவனாகிவிடுகிறான் என்பது இந்தப் பிரதியின் தந்திரம். இறக்கம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். இறங்குவதில் தரிசனம் இல்லை அல்லவா? மூட்டு வலிதான் உண்டு.

ரொலான் பார்த் 1957இல் வெளியான 'புராணிகங்கள்' தொகுப்பில் பிரெஞ்சுப் பயண வழிகாட்டி நூல் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நிலம் மேடுபள்ளமாக இருந்தால் போதும், வழிகாட்டி நூல் அதை 'அழகு' என்று அறிவித்துவிடுகிறது என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு. அங்கே வாழும் மனிதர்கள் வரலாறு உள்ளவர்களாக வருவதில்லை, 'மாதிரி'களாக மட்டுமே வருகிறார்கள். மலை ஏறுவதை ஓர் ஒழுக்கப் பயிற்சியாக, வியர்வையால் பெறும் புண்ணியமாகக் கருதும் மத்தியதர வர்க்க மனோபாவம் இதன் பின்னால் இருக்கிறது என்கிறார். நம்மூர்க் கட்டுரைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். நமக்கு வியர்வையும் புண்ணியமும் வேறொரு வழியாகவும் வந்து சேர்கின்றன. வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் ஏறுகிறவர்கள் பார்த்தின் பயணி அல்ல. ஆனால் 'மலைவாசியின் புன்னகை' என்ற ஒற்றை அடையாளம் இருக்கிறதே, அது பார்த் சொன்ன மாதிரிதான்.

ஜப்பானிய விமர்சகர் கோஜின் கரத்தானி இன்னொரு படி மேலே போகிறார். நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தோற்றம் பற்றிய அவருடைய 1980ஆம் வருட நூலில், 'நிலக்காட்சி' என்பது எப்போதும் அங்கே இருந்து, யாரோ ஒருவர் கண் திறந்து கண்டுகொண்ட பொருள் அல்ல என்கிறார். தன்னைச் சுற்றியிருப்பவர்கள்மீது அக்கறையற்று உள்ளே திரும்பிக்கொண்ட ஒரு மனிதன்தான் வெளியே 'காட்சி'யைக் கண்டுபிடிக்கிறான். காட்சி பிறக்க வேண்டுமானால் பக்கத்தில் நிற்கிற ஆள் மறைய வேண்டும். சுமைக்காரர் மறைந்த இடத்தில்தான் பனிமூட்டம் அழகாகிறது என்று இதை நம் சந்தர்ப்பத்துக்குப் பெயர்த்துக்கொள்ளலாம்.

உலகத்தின் 'தொலைதூர மலை' என்றதும் ஆங்கில வாசகன் மனத்தில் எழும் பிம்பங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ். ஆளரவமற்ற சரிவுகள், ஹெதர் புதர்கள், மூடுபனி, தனியாக நடக்கிற ஒருவன். அந்த ஆளரவமின்மை இயற்கை தந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் நிலப்பிரபுக்கள் குத்தகைக் குடிகளை அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். ஆட்டு மந்தைகள் வந்தன, பிறகு மான் வேட்டைக் காடுகள் வந்தன. கேலிக் மொழி பேசிய குடிகள் கடலோரத்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். காலியான பிறகுதான் 'தனிமை' கிடைத்தது. 1891இல் ஹியூ மன்ரோ என்பவர் 3000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களைப் பட்டியலிட்டார். இன்றைய கணக்கில் அந்தச் சிகரங்கள் 282. ஒவ்வொன்றாக ஏறி 'முடிப்பது' அங்கே ஒரு வாழ்நாள் வேலை. பட்டியல் போடுவதற்கு முன் மலை காலியாக வேண்டியிருந்தது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதே ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடக்கிற எவருக்கும் பெரும்பாலான நிலத்தில் நடக்கும் உரிமையைத் தந்தது. நல்ல சட்டம். நடப்பவனுக்கு உரிமை கிடைத்தது, குடியிருந்தவர்களின் பரம்பரை மட்டும் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வரவில்லை.

3

'ஸ்காட்லாந்துக் கதை நமக்கெதுக்கு?' என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. திருச்சிக்கு அது வெளியூர்க் கதை அல்ல. இந்த ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மாபெரும் மலையேற்றம் ஒன்று உண்டு. அதை யாரும் மலையேற்றம் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார்கள் தங்கள் மலைகளுக்கு ஆள் பிடிக்க 'சிலோன் லேபர் கமிஷன்' என்ற அமைப்பை ஏற்படுத்தியபோது, அதன் தலைமையிடம் திருச்சினாப்பள்ளி. ஆள்சேர்ப்பு அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலிருந்தே, நடந்துகொண்டிருந்தது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் சீமைகளின் தலித்துகளும் நிலமற்ற பிற சாதி ஏழைகளும் கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிளம்பினார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் இணைவதற்கு முன், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளை சேர்ந்து, அதற்கப்புறம் மலை ஏறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டில் ஆளுக்கொரு தகர வில்லை, எந்தத் தோட்டம் என்பதற்கும் எத்தனையாவது ஆள் என்பதற்கும் எண் குத்தியது. 'டின் டிக்கெட்' என்று பெயர். மலைக்குப் போகும் டிக்கெட்டின் தமிழ் வரலாறு இந்தத் தகரத்திலிருந்து தொடங்குகிறது.

ஏறிய மலைகளின் பெயர்களைப் பாருங்கள்: ஹோலிரூட், பால்மோரல், வேவர்லி. துரைமார்களில் கணிசமானவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். ஊர் ஞாபகத்தைத் தோட்டத்துக்குப் பெயராக வைத்தார்கள். ஆகவே, திருச்சிப் பக்கத்துக் கூலியாள் ஒருவர் 'ஹைலேண்ட்ஸ்' ஏறினார் என்று நான் சொன்னால் அது சிலேடை அல்ல, வரலாறு. அவர் உச்சியில் நின்று தரிசனம் கண்டதாகப் பதிவில்லை. கொழுந்துக் கூடையின் எடை பதிவாகியிருக்கிறது. பற்றுச்சீட்டில் கடன் பதிவாகியிருக்கிறது.

இறக்கமும் அவர்களுக்கு ஒரே வரியில் முடியவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தவர்களுக்கு 'தாயகம் திரும்புவோர்' என்று பெயர் சூட்டி இறக்கினார்கள். இறக்கியவர்களில் ஒரு பகுதியை 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் நீலகிரியில் மறுபடியும் ஏற்றினார்கள். பின்னாளில் டான்டீ ஆனது அந்தத் திட்டம்தான்.

தமிழ் இலக்கியத்தில் இந்த ஏற்றம் வேறொரு மலையை வைத்துப் பதிவானது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைக்கு ஆட்கள் கொண்டுபோகப்படுகிறார்கள். மேலே சொன்ன மலையேற்றக் கட்டுரையின் உறுப்புகள் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன: பனி உண்டு, அட்டை உண்டு, மூச்சிரைப்பு உண்டு. காட்சி மட்டும் இல்லை. அதே பனி அங்கே குளிராகவும் காய்ச்சலாகவும் சாவாகவும் இருக்கிறது. ஒரே பொருள் இரண்டு பிரதிகளில் இரண்டு குறிப்பீடுகளைப் பெறுவது எதனால்? அது பார்க்கிறவரின் ரசனை வித்தியாசம் அல்ல. ஒருவருக்குத் திரும்பி வரும் பஸ் ஆறு மணிக்கு. இன்னொருவருக்குத் திரும்பி வர வழியில்லை, மேஸ்திரியிடம் கடன். 'தொலைதூரம்' என்ற சொல்லை இன்பமாக உச்சரிக்கத் திரும்பு பயணச்சீட்டு சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

'ட்ரெக்' என்ற சொல்லின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். டச்சு மொழியில் அதன் மூலவினைக்கு 'இழு' என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் மாடு பூட்டிய வண்டியில் சாமான் சட்டியோடு இடம்பெயர்வதைக் குறித்த சொல். சுமை இழுப்பதைச் சொன்ன சொல்லிலிருந்து சுமை கழன்று, காட்சி மட்டும் மிஞ்சியது. இந்த நூற்றாண்டின் மலையேற்றப் பிரதி செய்வதும் இதைத்தான்.

4

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் கேட்கும்: 'இதெல்லாம் மேற்கத்தியப் பிரச்சினை சார். நம்மகிட்ட திணைக் கோட்பாடு இருக்கு. குறிஞ்சின்னா வெறும் காட்சி இல்ல, வாழ்க்கை.' சரி, இருக்கட்டும். ஆனால் குறிஞ்சி என்ற சொல் இன்று அதிகம் புழங்குவது ரிசார்ட் பெயர்ப் பலகைகளில். திணையைப் பெருமையாகச் சுமந்துகொண்டு திரிவதால் அது நம்மைக் காப்பாற்றிவிடாது. பழம்பிரதியைப் பெருமைக்கு எடுப்பதும் ஒரு சுற்றுலாதான். அதை வேலைக்கு எடுக்க முடியுமா என்று பார்ப்போம்.

வேலைக்கு எடுக்கத்தக்க பிரதி மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசி, 583 அடி, பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வருகிற வறிய கூத்தர் குழுவுக்கு நன்னனிடம் போகும் மலைவழியைச் சொல்கிறான். ஆசிரியர்கள் இதை 'இயற்கை வருணனை' என்ற தலைப்பில் நமக்குப் பாடம் நடத்தினார்கள். நான் இதை ஒரு நடைவழிக் குறிப்பாக வாசிக்கச் சொல்கிறேன். அப்படி வாசித்தால் மூன்று விஷயங்கள் எழுந்து நிற்கின்றன.

முதலாவது, நடப்பவர்கள் சுமையோடு நடக்கிறார்கள். இசைக்கருவிகளைப் பைகளில் போட்டுத் தோளில் சுமந்திருக்கிறார்கள். அந்தப் பைகள் பலாமரத்தில் கொத்தாகக் காய்த்துத் தொங்கும் காய்களைப் போல இருக்கின்றனவாம். காந்தி மார்க்கெட்டில் பலா இறங்குவதைப் பார்த்த எவருக்கும் இந்த உவமை அலங்காரமாகத் தோன்றாது. எடை தெரிந்தவன் சொன்ன உவமை. மலைக்குப் போவதன் நோக்கமும் மறைக்கப்படவில்லை: பசி. உச்சி அவர்கள் குறி அல்ல, சோறுதான் குறி.

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. இந்த வழிகாட்டி பார்க்காதே என்கிறது. மயில் ஆடும், குரங்கு மூங்கிலில் தாவும், எட்டாத உயரத்தில் தேனடை தொங்கும்; அவற்றை யோசனையில்லாமல் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், வழி தப்பிவிடும் என்று எச்சரிக்கிறான் கூத்தன். அழகு தெரியாதவனா அவன்? அத்தனை அழகையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தடுக்கிறான். உலகத்தின் வழிகாட்டி நூல்கள் எல்லாம் 'இதைப் பாருங்கள்' என்று விரல் நீட்டும்போது, நம்மிடம் உள்ள மிகப் பழைய வழிகாட்டி 'காலைப் பார்' என்கிறது. பன்றிக்கு வைத்த கற்பொறி வழியில் இருக்கும், விடிந்தபின் போ. பள்ளங்களில் பாம்பு இருக்கும். புனங்காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் இலைகளைக் கிழித்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள். மலை காலியாக இல்லை என்பதை இந்த எச்சரிக்கைகள் நினைவுபடுத்துகின்றன. பொறி வைத்தவன் ஒருவன் இருக்கிறான், தினைப்புனம் ஒருவனுடையது, கல் எறிகிறவனுக்கு அங்கே வேலை இருக்கிறது. கூத்தர்கள் அவர்களுடைய நிலத்தின் வழியாகப் போகிறார்கள். விருந்து தருகிறவர்களும் வழி தப்பினால் கொண்டுபோய் விடுகிறவர்களும் அவர்கள்தான்.

மூன்றாவது, சிறிய விஷயம். வழிகள் பிரியும் இடத்தில் சரியான வழி எது என்று தேர்ந்து, பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறான். மொத்தப் பாட்டும் உண்மையில் இப்படி முடிந்து வைத்த ஒரு புல்தான். முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்காகச் சொல்வது. ஏறியவனின் மகிமையைப் பேசுவதல்ல இந்தப் பிரதியின் வேலை, அடுத்தவனின் கால் தப்பாமல் பார்த்துக்கொள்வது.

(மன்னன் நன்னனைப் புகழ்வதும் பாட்டின் பாதி வேலை என்பதை நான் மறக்கவில்லை. ஆற்றுப்படை என்பது கொடையின் அரசியல். வறுமையைக் கொடையில் கரைத்து ஆட்சியை நியாயப்படுத்தும் ஏற்பாடு. ஆனால் ஒரு பிரதி தன் எஜமானனுக்குச் செய்யும் வேலையோடு வேறு வேலையும் செய்துவிடும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்த வேறு வேலையை.)

புல்முடிச்சோடு சேர்த்து இன்னொரு 'பிரதி'யையும் வைக்கலாம்: சுமைதாங்கிக் கல். பழைய சாலையோரங்களில் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவன் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறி மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். எழுத்தில்லாத கல்லானாலும் அதை வாசித்தவர்கள் கோடிப்பேர். லாரி வந்தபின் சாலை அகலப்படுத்தும்போது பல கற்கள் பிடுங்கப்பட்டன. சுமை போய்விடவில்லை, இறக்கி வைக்கிற இடம்தான் போயிற்று.

5

மறுபடி கொல்லிமலைக்கு வருகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகள் உள்ள சாலை இன்று எல்லோருக்கும் தெரியும். சாலை வருவதற்கு முன் மலையாளிகள் (மலையை ஆள்கிறவர்கள், கேரளத்தவர் அல்ல) நடந்து இறங்கினார்கள், நடந்து ஏறினார்கள். மூன்று சகோதரர்கள் காஞ்சியை விட்டுக் கிளம்பி வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதையை அவர்கள் சொல்வதுண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும் அந்தக் கதை இருக்கிறது. அதில் வருகிற மலையேற்றம் திரும்பி வருவதற்கல்ல, இருப்பதற்கு.

துறையூர் தாண்டிப் புளியஞ்சோலையிலிருந்து அய்யாற்றை ஒட்டி ஆகாய கங்கைக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஏறுகிற பழைய ஒற்றையடிப் பாதையில், 2003 ஆடி மாதத்தில் நான் ஒரு மலையாளிப் பெரியவரோடு நடந்திருக்கிறேன். அவர் தலையில் ஒரு சாக்கு: உப்பு, மண்வெட்டி ஒன்று, பேத்திக்குப் பாவாடைத் துணி. என் முதுகில் ஒரு பை: தண்ணீர், கேமரா. நான் அண்ணாந்து அருவியைத் தேடிக்கொண்டே நடந்தேன். "மேல பாக்காதீங்க தம்பி, காலப் பாத்து வாங்க. அருவி எங்கயும் போயிடாது" என்றார். வழி பிரியும் ஓரிடத்தில் ஒரு கொப்பை ஒடித்துத் தப்பான வழியின் குறுக்கே போட்டார். "பின்னால யாரும் வர்றாங்களா அய்யா?" என்றேன். "யாராச்சும் வருவாங்கல்ல" என்றார். மலைபடுகடாமை அவர் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது அவருக்கு நடக்கிற முறை. நமக்குத்தான் இலக்கியம்.

அந்த மலையிலிருந்து இறங்குவது பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் மட்டுமல்ல. தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறி, சேகோ ஆலைகளுக்கு இறங்கியது. பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டு அலுமினியத்துக்காக இறங்கியது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்தவர்களின் பரம்பரை, தான் தின்னாத பயிரை விளைவித்து ரேஷன் அரிசி வாங்கும் நிலைக்கு வந்தது. வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா நடக்கிறது. கிழங்கு விலையைப் பேசுகிற இடம் சிலை அல்ல, மண்டி. 'இயற்கையோடு இயைந்த எளிய மக்கள்' என்று கேமராவோடு போகிறவன் எழுதுகிறபோது, இந்தச் சரக்கு உறவு முழுவதும் அந்தப் புன்னகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

காட்சியும் சுமையும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச் 11 சாட்சி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், இளம்பெண்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை இங்கே எழுதவில்லை. மலையைப் பார்க்க ஆசைப்பட்டது குற்றமல்ல. கோடையில் காய்ந்த போதைப்புல் எப்படிப் பற்றும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பள்ளத்தில் இறங்கக் கூடாது என்கிற அறிவு அந்த மலையில் இருக்கிறது, அங்கே வாழ்கிறவர்களின் காலில் இருக்கிறது. பார்க்க வந்தவர்களுக்கும் அந்த அறிவுக்கும் நடுவே புல்முடிச்சு இல்லாமல் போனது. அந்தப் பகுதியே சுமை வழிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'டாப் ஸ்டேஷன்' என்று பார்வையாளர்கள் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இடம், மூணாறு மலைத் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறக்கிய காலத்தின் மேல் நிலையம். பெயரில் சுமை இன்னும் இருக்கிறது. படத்தில் இல்லை.

அதே 2018இல் அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் காட்டுத் தடத்தில் நடக்க முடியாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்கள் கட்டணத்தோடு திறக்கப்பட்டன. பழங்குடி மக்களிலிருந்தும் அடிவாரக் கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூலி கிடைப்பதும் நல்லதே. கேள்வி வேறு. 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்கிறவர்களுக்கு நிலத்தின்மீதும் சிறு வனப்பொருள்கள்மீதும் உரிமையை ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டப்படி வழி யாருடையது என்று கேட்க வேண்டும். ஆனால் கட்டணச் சீட்டு வழியை ஒரு 'தடம்' ஆக்கி, அதன் சொந்தக்காரரை ஒரு 'சேவை' ஆக்குகிறது. தகர வில்லையின் காலத்தில் மலைக்குப் போகிறவன் கழுத்தில் எண் தொங்கியது. இன்று மலைக்குப் போகிறவன் சீட்டு வாங்குகிறான், மலையில் இருக்கிறவன் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறான். இரண்டும் ஒன்றே என்று சொல்லவில்லை. வழிகாட்டி எப்போது பிரதியின் ஆசிரியராவார் என்று கேட்கிறேன்.

விமர்சனத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மலைப் பிரதியை நடை அழகுக்காகவோ தரிசன ஆழத்துக்காகவோ மதிப்பிட்டது போதும். அதில் சுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: யார் எதைத் தூக்கினார்கள், எவ்வளவு கூலிக்கு, மேலேயிருந்து இறங்கும் பொருளுக்கு அடிவாரத்தில் என்ன விலை, மார்க்கெட்டில் என்ன விலை. வழி சொன்னவருக்குப் பெயர் இருக்கிறதா, பெயரைச் சொல்ல அவர் சம்மதித்தாரா என்று பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அந்தப் பிரதியால் ஏதாவது உபயோகம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவன் என்று நான் சொல்வது அடுத்த சுற்றுலாப் பயணியை மட்டுமல்ல, சாக்கோடு ஏறுகிற பெரியவரின் பேத்தியையும் சேர்த்துத்தான். அவள் படித்துவிட்டு எழுத வந்தால், 'தொலைதூர மலை' என்று தன் வீட்டை எழுத மாட்டாள். அவளுக்குத் தொலைவில் இருப்பது திருச்சி, அங்கே ஒரு கிலோ மிளகுக்குத் தராசில் என்ன நடக்கிறது என்பது. அவள் எழுதப்போகும் பயணக் கட்டுரை கீழே இறங்குவதாக இருக்கும். அதை வாசிக்க நம்மிடம் இப்போதைக்கு இலக்கணம் இல்லை. அதை உண்டாக்கிக்கொள்வது நம் வேலை.